கர்ட்டன் மாஸ்டரும் மூலையில் நின்ற பேயும்

பேய்ப் படம் பார்க்கிறவர்களைப் போன்ற சண்டைக்காரர்கள் உலகத்தில் கிடையாது. மற்ற படம் பார்க்கிறவர்கள் பிடித்தது, பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவர்கள் அப்படியில்லை. தனக்குப் பயமாக இருந்த படம் அடுத்தவனுக்குச் சிரிப்பாக இருந்துவிட்டால் போதும், பாட்டன் சொத்தில் பங்கு கேட்டவனைப் பார்க்கிற மாதிரி முறைப்பார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் அக்கா வீட்டில் ஒரு பேய்ப் படத்தால் முப்பது வருஷக் குடித்தனம் கூடத்துக்கும் சமையலறைக்குமாகப் பிரிந்து கிடந்தது. நடுவில் அல்லாடியவன் நான்.

சண்டைக்குக் காரணம் என் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர். திரைச்சீலை தைப்பது தொழில். கீழே கடை, மாடியில் வீடு. தெருவில் கர்ட்டன் மாஸ்டர் என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பேய்ப் படம் பார்க்காவிட்டால் மட்டும் திங்கட்கிழமை மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

அதற்காகவே மாடிக் கூடத்துக்கு ஒரு கறுப்புத் திரை தைத்து மாட்டியிருந்தார். மூன்று அடுக்குத் துணி. இழுத்து மூடினால் பட்டப்பகலில் நம் கை நமக்குத் தெரியாது. அந்த இருட்டில் மாமாவும் அக்காவும் சோபாவில் உட்கார்வார்கள். தரையில் நானும் எதிர்வீட்டு டீச்சரும். டீச்சர் பள்ளியில் கணக்கு எடுப்பவர். பிள்ளைகள் அவரைக் கண்டு நடுங்குவார்கள். அவர் டிவியைக் கண்டு நடுங்குவார்.

எங்களுக்குள் எந்தப் படத்திலும் ஒற்றுமை வந்ததே இல்லை. அக்காவுக்குப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. காலையிலிருந்து அதைத்தான் பார்க்கிறாள். படத்தில் ரத்தம் பீறிட்டால் சிரித்துவிடுவாள். "இது என்ன, பாட்டில்ல இருக்கிற ஜாம் மாதிரி இருக்கு? இவ்வளவு நேரமா உறையவே மாட்டேங்குதே, இவனுக்கு ஒரு டெஸ்ட் எடுக்கணும்" என்பாள்.

நான் லிப்ட் பழுது பார்க்கிறவன். ஆளில்லாத மாடியில் லிப்ட் தானாக வந்து நின்று கதவு திறந்தால் டீச்சர் வீல் என்று கத்துவார். நான், "கதவு சென்சார்ல தூசி, ஒரு துணியால துடைச்சா சரியாயிடும்" என்பேன். மாமாவுக்கோ திரைச்சீலை. திரை ஆடாமல் எந்தப் படத்திலும் பேய் வருவதில்லை. "இது கனத்த வெல்வெட்டு. இந்தக் காத்துக்கு அசையவே அசையாது. பின்னாடி எவனோ உட்கார்ந்து கயிறு கட்டி இழுக்கிறான்" என்று பேயின் பிழைப்பையே கெடுத்துவிடுவார். டீச்சர் மட்டும் எல்லாப் படத்துக்கும் பயப்படுவார். ஆனால் பயம் வருகிற இடத்தில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்கிறவருடைய சாட்சியை எப்படி ஏற்பது?

இப்படி அவரவர் வேலை அவரவருக்கு ஒரு பேயைக் கொன்று போட்டிருந்தது. மிச்சமிருக்கிற பேய்களில் எது நல்ல பேய் என்பதில்தான் தகராறு.

தீர்ப்பு சொல்ல அந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. கல்யாணமான புதிதில் மாமா அக்காவை முதலில் கூட்டிக்கொண்டு போனதே ஒரு பேய்ப் படத்துக்குத்தான். கையைப் பிடிக்க அக்காவுக்கு வெட்கம். பேய் வந்ததும் வெட்கம் போய்விட்டது, ஆனால் முழுசாகப் போகவில்லை. அவருடைய இடது கட்டைவிரலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாளாம். அன்றிலிருந்து அதுவே வழக்கம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு நான், "விரல் என்ன சொல்லுது?" என்று கேட்பேன். மாமா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். நகம் பதிந்திருந்தால் நல்ல படம். லேசாகச் சிவந்திருந்தால் சுமார். ஒன்றுமில்லையென்றால் குப்பை. அவர்கள் பொருத்தமும் அந்த விரலில்தான் இருந்தது என்று நான் கேலி செய்வேன். அக்கா என் தலையில் குட்டுவாள்.

இந்த ஒழுங்கு எப்போது குலைந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச காலமாகவே மாமாவுக்குப் புதுப் படங்கள் எதுவும் பிடிக்காமல் போயிருந்தது. "இப்பல்லாம் லைட்டே போடாம படம் எடுக்கிறானுங்க. இருட்டைக் காட்டிட்டு பயப்படுன்னா எப்படிப் பயப்படறது?" என்பார். வயதாகிவிட்டால் எல்லாரும் பாடுகிற பாட்டுதானே என்று விட்டுவிட்டோம். அக்கா விரலை நசுக்கினாலும் அவர் உதட்டைப் பிதுக்குவார்.

அதே சமயத்தில் அவருக்குப் புதிதாக ஒரு பெருமையும் சேர்ந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பல வருஷமாக மூக்கில் உட்கார்ந்திருந்ததைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, வெறும் கண்ணால் ஊசியில் நூல் கோத்துக் காட்டினார். கடைக்கு வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்துக் காட்டினார். எனக்கே பலமுறை காட்டினார். "பாத்தியா மச்சான், கண்ணு திரும்ப இளமையாயிட்டு வருது" என்று சொல்லும்போது அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். இடையில் ஒரு ஓட்டல்காரர், கருநீலத் திரையில் கறுப்பு நூல் ஓடியிருக்கிறது என்று தூக்கிக்கொண்டு வந்தார். மாமா அசரவில்லை. "முதல்ல உங்க கண்ணைக் காட்டுங்க சார்" என்று அவரையே டாக்டரிடம் போகச் சொன்னார்.

இந்த நிலைமையில்தான் அந்தப் படம் வந்தது. பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிவருகிறது. படுக்கையறை மூலையில் நீளமான சாம்பல் உடுப்போடு ஒருத்தி நிற்கிறாள். ஓடுவதில்லை, கத்துவதில்லை, யாரையும் தொடுவதில்லை. சும்மா நிற்கிறாள். வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். அவள் நிற்பது நமக்கு மட்டும்தான் தெரிகிறது. நானே டீச்சர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். லிப்ட் ஒன்றும் வராத படம் என்பதால் நான் தப்பிக்க வழியில்லை.

நாங்கள் மூச்சுவிடாமல் இருந்தபோது மாமா பிஸ்கட் மென்றுகொண்டிருந்தார். பிறகு கொட்டாவி விட்டார். பிறகு சிரித்தார். "ஜன்னலே இல்லாத மூலையில எதுக்குய்யா திரை? அதுவும் சுருக்கே வைக்கல, அடிமடிப்பு கோணல். எவன் தைச்சான்?" என்றார். வழக்கமான குசும்பு என்று நினைத்து நான் 'உஷ்' என்றேன்.

விளக்கைப் போட்டதும், கேட்டிருக்கக்கூடாது, கேட்டேன். "விரல் என்ன சொல்லுது?"

மாமா விரலைத் தூக்கினார். நகம் ஆழமாகப் பதிந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே, "விரல் என்னமோ சொல்லுது. ஆனா படம் குப்பை. காலி ரூமைக் காட்டியே முடிச்சிட்டான். இதுக்குப் போயா இப்படிப் பயந்தே?" என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

அக்கா எழுந்து நின்றாள். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்த வேகத்தில் போகும். இது அந்தக் கோபம் இல்லை.

"அப்ப நான் இவ்வளவு நேரமும் உங்க பக்கத்துல உட்கார்ந்து தனியாத்தான் பயந்துட்டு இருந்தேனா?" என்றாள். "தனியாப் பயப்படறதுக்கு நீங்க எதுக்கு?"

அடுத்த ஞாயிறு அவள் சோபாவுக்கு வரவில்லை. சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கைப்பேசியில் தனியாகப் பேய்ப் படம் பார்த்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மாமா பெரிய டிவியில் தன் பழைய படம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, சோபாவில் அவள் உட்காரும் பக்கத்தை விட்டுவிட்டு, தன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். இடது கை சும்மா மடியில் கிடந்தது. டீச்சர் ஒரு வாரம் கூடத்துக்கு, ஒரு வாரம் சமையலறைக்கு என்று முறைவைத்துப் பயந்தார்.

நான் கடைக்குப் போய் மாமாவிடம் பேசினேன். மிஷினுக்கு மேல் புதிதாக இரண்டு குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்கூசியது. அப்போதாவது எனக்கு மண்டையில் உறைத்திருக்கலாம். உறைக்கவில்லை.

"மாமா, அக்காவுக்காக ஒரு தடவை பயந்த மாதிரி நடிச்சாத்தான் என்ன? குறைஞ்சா போயிடுவீங்க?"

மாமா மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்தார். "உங்கக்காகிட்ட நான் எவ்வளவோ நடிச்சிருக்கேன் மச்சான். சாப்பாடு நல்லாருக்குன்னு நடிச்சிருக்கேன். அவ சொந்தக்காரங்க வந்தா சந்தோஷமா இருக்குன்னு நடிச்சிருக்கேன். உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். அந்த சோபாவுல மட்டும் நடிச்சதில்லை. அதுவும் போச்சுன்னா அப்புறம் எங்களுக்குன்னு என்ன இருக்கு?"

என்னைச் சேர்த்துச் சொன்னது சுருக்கென்றாலும் மனிதர் உண்மையில் கலங்கிப்போயிருந்தார் என்பது தெரிந்தது. எனக்கும் அந்த வீடு அப்படிக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இரண்டு பேரிடமும் மாறி மாறிப் பேசினேன். அதே படத்தை எல்லோரும் சேர்ந்து இன்னொரு தரம் பார்ப்பது, பயப்பட வேண்டிய இடத்தில் அக்கா படத்தை நிறுத்திக் காட்டுவது, அதற்குமேலும் குப்பை என்றால் குப்பையாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு பஞ்சாயத்து செய்து முடித்தேன்.

அந்த ஞாயிறு அக்கா கூடத்துக்கு வந்தாள். சோபாவில் இல்லை, டீச்சர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மாமா சோபாவில் தனியாக இருந்தார். கறுப்புத் திரையை இழுத்து மூடினேன். படம் ஓடியது. குடும்பம் சிரித்தது, சாப்பிட்டது, தூங்கியது. அக்கா ரிமோட்டை அழுத்தி நிறுத்தினாள்.

"சொல்லுங்க. இவளைப் பார்த்து உங்களுக்கு ஒண்ணுமே ஆகலையா?"

"எவளை?"

"விளையாடாதீங்க. மூலையில நிக்கிறாளே, அவளை."

"மூலையில யாரு நிக்கிறா? திரைதான் தொங்குது. அன்னைக்கே சொன்னேனே, அடிமடிப்பு கோணல்னு. இரு, காட்டறேன்" என்று மாமா எழுந்து டிவிக்குப் போனார். தொழில் கௌரவம் வேறு சேர்ந்துகொண்டது. குனிந்து, மூக்கு டிவியில் இடிக்கிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோய், "இங்க பாரு, இந்தத் துணி..." என்று ஆரம்பித்தவர்,

"ஐயோ! யாருடி இவ!"

என்று அலறிக்கொண்டு பின்னால் வந்து டீபாயில் மோதி, பிஸ்கட் தட்டு ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக விழுந்தார். பேயறைந்த மாதிரி என்று சொல்கிறோமே, அந்த முகத்தை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டீச்சர் தரையில் உருண்டார். மாமா எழுந்து உட்கார்ந்து மறுபடி டிவியைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். "இப்ப திரைதானே இருக்கு?" என்றார். நாலு அடி முன்னே போனார். "இல்ல, பொம்பளை." பின்னால் வந்தார். "திரை." முன்னே. "பொம்பளை. முகம்கூட இருக்கு." என்னடா இது கூத்து என்று நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அக்காவின் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. அவள் எழுந்து போய்க் கூடத்தின் மறுகோடியில், அலமாரிக்குப் பக்கத்து மூலையில் நின்றாள். டிவி வெளிச்சம் அந்த மூலைக்குக் கொஞ்சம்தான் எட்டியது.

"என்னங்க, இங்க பாருங்க. நான் தெரியறேனா?"

"தெரியாம என்ன? நிக்கிறே."

"என் முகம் எப்படி இருக்கு?"

மாமா கொஞ்ச நேரம் அந்த மூலையையே பார்த்தார். "முறைச்சிட்டு இருக்கே" என்றார். முப்பது வருஷ அனுபவத்தில் சொன்னது அது.

அக்கா முறைக்கவில்லை. அவள் கண்ணிலிருந்து கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் டீச்சருக்கும் அது நன்றாகத் தெரிந்தது. டீச்சர் இந்தத் தடவை முகத்தை மூடிக்கொள்ளவில்லை. நான் எழுந்து கறுப்புத் திரையை விலக்கினேன்.

கண் டாக்டர் ஒரு சின்னப் பெண். மாமாவின் இரண்டு கண்ணிலும் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு, "புரை நல்லா வளர்ந்திருக்கு. இவ்வளவு நாள் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டார்.

மாமா கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "டாக்டர், நான் கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோக்கறேன்."

"அதுதான் அடையாளமே. சிலருக்குப் புரை வளரும்போது கிட்டத்துல இருக்கிறது கொஞ்ச காலம் நல்லாத் தெரியும். கண்ணு சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க. தூரமும் இருட்டும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டே இருக்கும்."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. எத்தனை பேரை உட்காரவைத்து ஊசி கோத்துக் காட்டியிருப்பார்!

அறுவைசிகிச்சை என்றதும் புதுத் தொந்தரவு தொடங்கியது. சீசன் முடியட்டும் என்றார், மழை விடட்டும் என்றார், சொட்டு மருந்தில் கரையாதா என்றார். ஆயிரம் பேய்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டவர், ஆஸ்பத்திரி பேரை எடுத்தாலே கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"படத்துல ஒருத்தன் கண்ணைப் பிடுங்கினப்ப பிஸ்கட் சாப்பிட்டீங்களே, அந்த தைரியம் எங்க போச்சு?" என்று அக்கா கதவைத் தட்டினாள்.

"அது அவன் கண்ணுடி" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

எப்படியோ இழுத்துக்கொண்டு போனோம். பச்சை அங்கி மாட்டி, தலைக்குத் தொப்பி போட்டு, அறுவை அறைக்கு வெளியே சக்கர நாற்காலியில் அவரை உட்காரவைத்திருந்தார்கள். அங்கியின் ஓரத் தையலை விரலால் நெருடிக்கொண்டே இருந்தார். அக்கா பக்கத்தில் நின்று தன் கட்டைவிரலை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார்.

"நீ அங்க பயந்து செத்துட்டு இருந்தப்ப நான் கொட்டாவி விட்டேன். சிரிக்க வேற சிரிச்சேன்" என்றார்.

"தெரியாமத்தானே செஞ்சீங்க. விடுங்க."

"எனக்கு எதெது தெரியலைன்னே எனக்குத் தெரியலையே. நீ அன்னைக்கு மூலையில அழுதுட்டு நின்னே. நான் நீ முறைக்கிறதாச் சொன்னேன். அதுக்கு முன்னாடி எத்தனை தடவை அப்படி நின்னியோ! அதை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. இந்த ஆபரேஷன் எல்லாம் அப்புறம்."

அக்கா அவர் தொப்பியை இழுத்துச் சரிசெய்தாள். நர்ஸ் வந்து நாற்காலியைத் தள்ளியபோது விரல் விடுபட்டது. கதவு மூடியதும் அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து இன்னொன்று. கட்டு பிரித்து வீட்டுக்கு வந்ததும் மாமா செய்த முதல் வேலை, கூடத்துக் கறுப்புத் திரையைப் பார்த்து அதிர்ந்தது. அது எப்போதோ வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. பிரிந்த ஓரத்தை அவரே சமீபத்தில் திரும்பத் தைத்த இடம் முழுக்கக் கருநீல நூல். அப்படியே கீழே இறங்கி ஓட்டல்காரருக்குப் போன் போட்டு, திரையைத் திருப்பி அனுப்பும்படி கெஞ்சினார். மேலே வந்து அக்காவை ஏற இறங்கப் பார்த்து, "நீ எப்ப இவ்வளவு நரைச்சே?" என்று கேட்டார்.

"நீங்க ஊசி கோத்துட்டு இருந்தப்ப" என்றாள் அக்கா.

புதுக் கறுப்புத் திரை மாட்டிய ஞாயிறு, அதே படம். அக்கா சோபாவில் தன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமா பிஸ்கட் தட்டைத் தொடவில்லை. குடும்பம் சிரித்தது, சாப்பிட்டது, தூங்கியது. மூலையில் அவள் நின்றாள். பின்னாலிருந்து பேச்சே இல்லை. திரையைப் பற்றியும் இல்லை, தையலைப் பற்றியும் இல்லை. மாமாவின் மூச்சு மட்டும் கேட்டது. அதுவும் ஒரு கட்டத்தில் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்க்க நினைத்தேன். எனக்குத் தைரியம் வரவில்லை.

படம் முடிந்தது. நான் விளக்கைப் போட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டேன். "விரல் என்ன சொல்லுது?"

மாமா தன் இடது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அதில் ஒரு கீறலும் இல்லை. "படம் சுமார்தான்" என்றார். முகம் வெளுத்திருந்தது. "சும்மா சும்மா ஒருத்தியை மூலையில நிக்கவச்சா ஆச்சா? இதைப் போயா பெருசாப் பேசினீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவும் பட்டு, இரண்டு கண்ணையும் அறுத்துவிட்டு வந்தும் மனிதர் இப்படிப் பேசினால்? அக்கா இப்போது விடுவாளா என்று அவளைப் பார்த்தேன். அவள் தன் வலது கையை இடது கைக்குள் வைத்து மெதுவாகப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஆமாடா, சுமார்தான்" என்றாள்.

ஒரு படத்தைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டீச்சர் தட்டை எடுத்துக்கொடுக்கப் போனபோது அக்கா வாங்கக் கையை நீட்டினாள். அவளுடைய கட்டைவிரல் கன்றிப்போய், நகம் பதிந்த இடம் ரத்தம் கட்டி நின்றது.